தொழிற்சாலைக் காற்று

பொய்ப்பல் செய்து பிழைக்கிற மனிதருக்கு ‘ஒரிஜினல்’ என்ற சொல்லின் மேல் அத்தனை மோகம் வந்திருக்கத் தேவையில்லை. ஆனால் வந்துவிட்டது, வந்ததை யார் என்ன செய்ய முடியும்? பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, அதில் வரிசையாகப் பல்லைப் பதித்து, அந்த வட்டாரத்தில் பாதிப் பேரைச் சிரிக்கவும் கடிக்கவும் வைத்தவர் அவர். பல்செட் வாங்க வருகிறவர்களிடம், “ஒரிஜினல் தோத்துடும் போங்க” என்று கூசாமல் சொல்வார். மாலையில் வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்துவிட்டால் வேறு ஆள். அங்கே நிற்கிற வண்டியில் யாராவது ஒரு திருகாணியை மாற்றிவிடுவார்களோ என்ற கவலையில் அவருக்குப் பாதித் தலைமுடி கொட்டியிருந்தது.

ஊரில் அவருக்குப் பெயர் கூப்பே. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது. யாராவது தெரியாத்தனமாக “உங்க கார் எப்படிங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டால், “கார் இல்லைங்க, கூப்பே” என்று திருத்துவார். கேட்டவர் அத்தோடு நகர்ந்தால் பிழைத்தார். “அப்படின்னா?” என்று கேட்டவர்களெல்லாம் நின்ற இடத்திலேயே கால் மரத்துப்போய் வீடு திரும்பியவர்கள்.

“ரெண்டே கதவு. பின்பக்கம் சரிஞ்ச கூரை. அதுலயும் இது கிராண்ட் டூரிங் கூப்பே. சும்மா கடைக்குப் போய்ட்டு வர்ற வண்டி கிடையாது. ரெண்டு பேர், ரெண்டு பெட்டி, ஒரு கண்டம். காலையில கிளம்பினா சாயங்காலம் வேற தேசத்துல இறங்கலாம். இடுப்பு வலிக்காது. அதுக்காகவே பொறந்த வண்டிங்க இது.”

அதற்காகவே பிறந்த வண்டி ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் போகும். அதுவும் தானாகப் போகாது. கிலோமீட்டர் மீட்டரில் எண் ஏறிவிடக் கூடாதே என்று பக்கத்து வீட்டு லாண்டரிக்காரரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். தள்ளினாலும் சக்கரம் சுற்றினால் எண் ஏறத்தானே செய்யும் என்று லாண்டரிக்காரர் ஒரு தடவை கேட்டார். “முன்னால தள்ளினது பின்னால தள்ளும்போது கழிஞ்சிடும்” என்றார் கூப்பே. லாண்டரிக்காரர் தலையாட்டினார். அவருடைய மேல் பல்செட் கூப்பே கைவேலை. கீழ் செட் இன்னும் வர வேண்டியிருந்தது.

வண்டி அவர் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிடலாம். இளம் வயதில் அவர் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தார். அந்த டாக்டர் வெளிநாட்டிலிருந்து ஆசை ஆசையாக இறக்கிய வண்டி இது. உயரம் இடுப்பளவுதான். டாக்டர் உள்ளே போய்விடுவார், வெளியே வருவதற்கு இரண்டு பேர் வேண்டும். முதல் மாதமே முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் மாதம் வண்டியைப் பார்த்தாலே பிடித்துக்கொண்டது. டாக்டர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, மற்ற உதவியாளர்கள் நாற்காலியையும் அலமாரியையும் கேட்க, இவர் ஷெட் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நீ பத்திரமா வச்சுக்குவேடா” என்று டாக்டர் சாவியை இவர் கையில் வைத்தார்.

பத்திரமா. அந்த ஒரு சொல்தான் மனிதரைக் கெடுத்தது. ‘ஓட்டிக்கோ’ என்று டாக்டர் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருடைய மனைவி டிரைவிங் டீச்சர். ஆமாம், நீங்கள் நினைக்கிறது சரிதான், எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. முன்னால் ‘L’ பலகை கட்டிய ஒரு சின்னக் காரில், தன் பக்கமும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, காலை ஆறு மணியிலிருந்து மாணவர்களின் உயிரையும் ரோட்டில் போகிறவர்களின் உயிரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தவள். ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அவளுடைய காரில் மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பம்பர் ஒரு பக்கம் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. கூப்பே தன் வண்டிப் பக்கத்தில் அதை நிறுத்தவிடமாட்டார். “தூசி தட்டும்” என்பார். அது வெயிலிலும் மழையிலும் தெருவில் நின்றது.

கல்யாணமான புதிதில் அவளை ஒரு தடவை கூப்பேயில் உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்து, மரத்தில் இழைத்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் தமிழில் சொன்னார்.

“ஓட்டுநரும் உடன் வருபவரும் களைப்பே தெரியாமல் நெடுந்தூரம் செல்வதற்காக உருவாக்கப்பட்டது.”

“உடன் வருபவர்னா யாருங்க?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“நீதான்.”

அவளுக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. கடற்கரை ஊரில் அவளுடைய தங்கை இருந்தாள். அங்கே போகலாம், மலை வளைவுகளில் இறங்கும்போது முதல் தடவையாகக் கடல் தெரியும் பாரு, அந்த இடத்தில் வண்டியை நிறுத்தலாம் என்று அவர் சொன்னார். உண்மையாகவேதான் சொன்னார், பொய்யில்லை. பிறகு அவளை இறங்கச் சொல்லி, அவள் உட்கார்ந்த தோல் இருக்கையை மெல்லிய துணியால் துடைத்து, அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையைப் போட்டார். அந்த உறை அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை.

கடல் அப்படியே தள்ளிப் போயிற்று. முதலில் மழை. பிறகு ரோடு போடுகிறார்கள், தார் தெறிக்கும். ரோடு போட்டு முடித்தார்கள், லாரிகள் வேகமாகப் போகின்றன, கல் தெறிக்கும். பெட்ரோலில் ஏதோ கலக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. மலையில் குரங்குகள் கண்ணாடித் துடைப்பானைப் பிடுங்குகின்றனவாம். ஒரு வருஷம் எல்லாமே சரியாக இருந்தது. வானம் சுத்தம், ரோடு சுத்தம், குரங்குகளுக்குக்கூட வேறு வேலை வந்திருந்தது. அந்த வருஷம் அவருக்கு டயரின் வயது ஞாபகத்துக்கு வந்தது. “ஒரிஜினல் டயர். அதைப் போய் ரோட்டுல வச்சுத் தேய்க்கச் சொல்றியா?” என்று கேட்டார். டயரை ரோட்டில் வைத்துத்தான் தேய்ப்பார்கள் என்று ஒரு டிரைவிங் டீச்சர் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கை வீட்டுக்கு அவள் பஸ்ஸில் போய்வந்தாள், எப்போதும் தனியாக.

வண்டியின் சரித்திரத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். வாய் ஓயாது. குளிர் நாடு ஒன்றில் தண்ணீர்ப் பம்பு செய்து கொழுத்த முதலாளி ஒருவர். அவர் மனைவிக்கு ரயிலில் ஏறினால் வாந்தி. இருந்த கார்களிலோ கொஞ்ச தூரத்துக்கொரு தரம் பெட்ரோலுக்கு நிற்க வேண்டும், பெட்ரோல் வாடை பட்டால் அதற்கும் வாந்தி. அந்த அம்மாளுக்குக் கடல் பார்க்க ஆசை. முதலாளி பார்த்தார். பம்புத் தொழிற்சாலையில் ஒரு மூலையைக் காலி செய்து, வழியில் நிற்காமல் போகிறதற்காக இரண்டு பெட்ரோல் தொட்டிகள் வைத்து, இடுப்பு நோகாத இருக்கை வைத்து, இந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தார். உடலை வரைந்து கொடுத்தவர் வேறு நாட்டுக்காரர். எஞ்சின் மூன்றாவது நாட்டிலிருந்து வந்தது, பந்தயக் காருக்காகச் செய்து விலை போகாமல் கிடந்த ஆறு சிலிண்டர். தகட்டை ஆட்கள் கையால் தட்டி வளைத்ததால் ஒரு வண்டியின் கதவு இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது. ஹெட்லைட் இரண்டும் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் எழும், ஒன்று உடனே, மற்றது சோம்பல் முறித்துக்கொண்டு. இருக்கைக்குப் பின்னால், அந்த இடத்துக்கே அளவெடுத்துத் தைத்த இரண்டு தோல் பெட்டிகள், ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாளுக்கு. நூறு வண்டிகூடத் தேறவில்லை. ஒவ்வொன்றிலும் நஷ்டம். பம்பு சம்பாதித்ததைக் கார் குடித்தது, கடைசியில் கம்பெனியே முழுகிற்று. மிஞ்சிய வண்டிகளில் பெரும்பாலானவை துருப்பிடித்துப் போய்ச் சேர்ந்தன.

“ஆனா அந்த அம்மாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார், தெரியுமா?” என்று முடிப்பார், குரல் தழுதழுக்க. “அதுக்குப் பேருதாங்க ஆம்பளை.”

டீ கொண்டுவந்து வைக்கும் மனைவியின் முன்னால்தான் இதைச் சொல்வார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவையாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டுமே? ம்ஹூம்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒன்றைக் கடைசியில் காட்டுவார். டிக்கியைத் திறந்து, பலகையைத் தூக்கினால், அடியில் ஸ்டெப்னி படுத்திருக்கும். கம்பிச் சக்கரம், தரையையே பார்க்காத டயர்.

“அமுக்கிப் பாருங்க.”

வந்தவர் அமுக்குவார். கல் மாதிரி இருக்கும்.

“இதுல இருக்கிறது தொழிற்சாலைக் காத்து. வண்டியோட வந்தது. இத்தனை வருஷத்துல ஒரு பொட்டுக் காத்து இறங்கல. அந்த நாட்டுக் காத்து, அந்தக் காலத்துக் காத்து. இந்த வண்டியைச் செஞ்சவங்க விட்ட மூச்சுகூட இதுக்குள்ள இருக்கும். உலகத்துல வேற எந்த வண்டியிலயும் இது கிடையாது.”

சிலர் வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பார்கள். லாண்டரிக்காரர் ஒரு தடவை மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். கூப்பேக்கு அது மிகவும் பிடித்திருந்தது. டீச்சர் மட்டும் அந்த நேரம் பார்த்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு வலது முழங்கால் வலி இருந்தது. “மாணவங்களுக்கு பிரேக் போட்டுப் போட்டே வந்த வலி” என்று கூப்பே கண்டுபிடித்திருந்தார். அவள் மறுக்கவில்லை.

ஒரு நாள் அவள் டிரைவிங் ஸ்கூலை மூடப்போவதாகச் சொன்னாள். முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “இத்தனை நாளா ஊர்க்காரங்களையெல்லாம் ஓட்டச் சொல்லிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் உங்க பக்கத்துல உட்காரணும். தங்கச்சி வீட்டுக்குப் போவோம். அந்த வண்டியில.”

கூப்பே சாக்குத் தேடினார். மழைக்காலம் முடிந்திருந்தது. ரோடு நன்றாக இருந்தது. குரங்குகளைப் பற்றிச் செய்தி எதுவும் இல்லை. டயரைப் பற்றி வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அவருக்கே என்னவோ போலிருந்தது.

“சரி. அடுத்த சனிக்கிழமை” என்றார். சொன்னது தானா என்று அவரே ஒரு கணம் திகைத்தார்.

அந்த வாரம் முழுக்க டீச்சர் பாட்டு முணுமுணுத்தாள். தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். முடி வெட்டிக்கொண்டாள். கூப்பேயும் உண்மையிலேயே ஆயத்தமானார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார், பிரேக் ஆயில் பார்த்தார். மலை வளைவில் கடல் தெரிகிற இடத்தை நினைத்தபோது மெழுகில் ஒரு பல்லைத் தலைகீழாகப் பதித்ததுகூட உண்டு. இதையும் சொல்லத்தான் வேண்டும், மனிதரை நான் அநியாயமாகத் திட்டக் கூடாது.

வியாழக்கிழமை போன் வந்தது. பழைய கார் சங்கத்திலிருந்து. வண்டியை ‘முழு ஒரிஜினல்’ என்று பட்டியலில் சேர்க்கச் சொல்லி இவர் எந்தக் காலத்திலோ விண்ணப்பம் போட்டிருந்தார். பரிசோதகர் இந்தப் பக்கம் வருகிறார். சனிக்கிழமை காலை வந்து பார்ப்பார். விட்டால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

“சனிக்கிழமையா? தாராளமா வரட்டுங்க” என்றார் கூப்பே. யோசிக்கக்கூட இல்லை.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்து, சொல்லாமலே இருந்துவிட்டார். சனிக்கிழமை காலை ஷெட்டைத் திறந்து, இருக்கைக்குப் பின்னால் தோல் பெட்டிகளைத் துடைக்க எடுத்தபோது, பெட்டிகள் கனத்தன. திறந்து பார்த்தார். ஒன்றில் அவருடைய சட்டைகள், நன்றாக மடித்து, மேலே ஷேவிங் சாமான். இன்னொன்றில் அவளுடைய புடவைகள், தங்கைக்கு வாங்கிய ஒரு டப்பா, முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம்.

தைலம்! மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். பெட்டிக்குள் தைத்திருந்த துணி ஒரிஜினல்.

அடிமடியில் கை வைத்துவிட்டாற்போல் பதறி, எல்லாவற்றையும் அள்ளி ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்தார். அவள் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தார். புதுப்புடவை கட்டியிருந்தாள்.

“இன்னைக்கு சங்கத்துல இருந்து ஆள் வர்றாங்க” என்றார். “திடீர்னு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஒரு வாரம் தள்ளிப் போடுவோம். சர்டிஃபிகேட் கையில வந்துட்டா அப்புறம் நிம்மதியாப் போகலாம்ல?”

அவள் பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டாள். “வர்றவருக்கு டீயில சர்க்கரை போடலாமா?” என்று மட்டும் கேட்டாள். கூப்பே மூச்சு விட்டார். பெரிய மனசு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

பரிசோதகர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு, கையில் டார்ச்சும் நீளப் பிடி வைத்த சின்னக் கண்ணாடியுமாக வந்தார். பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் வண்டியின் அடியிலும் இடுக்கிலும் கண்ணாடியை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். “ம்” என்றார். “அட” என்றார். ஒவ்வொரு ‘அட’வுக்கும் கூப்பே ஓரங்குலம் வளர்ந்தார். ஹெட்லைட் இரண்டும் எழுந்தன, ஒன்று உடனே, மற்றது மெதுவாக. “இந்தச் சோம்பேறித்தனம்கூட ஒரிஜினல்தான்” என்று பரிசோதகர் சிரித்தார். மீட்டரில் எண்ணைப் பார்த்து விசில் அடித்தார்.

பிறகு பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறையைத் தூக்கினார். டார்ச் அடித்தார். விரலால் தடவினார். தோலில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்பு இல்லை.

“சார், இந்த சீட்ல யாருமே உட்கார்ந்தது கிடையாதா?”

“ஒரே ஒரு தடவை” என்றார் கூப்பே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல. “கல்யாணமான புதுசுல. அஞ்சு நிமிஷம்.”

“அற்புதம் சார். இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. முழு மார்க்.”

டீச்சர் டீத்தட்டோடு அங்கேதான் நின்றாள். டீயை மேஜையில் வைத்தாள். போய்விடவில்லை, நின்றாள்.

கூப்பேக்குத் தலைகால் புரியவில்லை. சிகரத்தைக் காட்ட நேரம் வந்துவிட்டது. டிக்கியைத் திறந்து பலகையைத் தூக்கினார்.

“அமுக்கிப் பாருங்க சார். தொழிற்சாலைக் காத்து. வண்டியோட வந்தது. இத்தனை வருஷத்துல ஒரு பொட்டு…”

“அது என் காத்துங்க” என்றாள் டீச்சர்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“என்னது?” என்றார் கூப்பே.

“அதுல இருக்கிறது என் காத்து. ட்யூப்ல காத்து நிக்குமா, எந்த ஊர் ட்யூபா இருந்தா என்ன? கல்யாணமான வருஷமே அது சப்பிப்போய்க் கிடந்துச்சு. உங்களுக்கு அப்பக் காய்ச்சல். எழுந்து வந்து பார்த்தா மனசு விட்டுருவீங்களேன்னு நான்தான் என் கால் பம்பை எடுத்துட்டு வந்து அடிச்சேன். அடுத்த மாசம் மறுபடி இறங்கியிருந்துச்சு. மறுபடி அடிச்சேன். அப்படியே பழக்கமாயிடுச்சு. மாசத்துல ஒரு சனிக்கிழமை நீங்க பல்செட் கடைக்குப் போனதும் அடிச்சு வச்சிருவேன். ஞாயித்துக்கிழமை நீங்க அமுக்கிப் பார்த்து எல்லார்கிட்டயும் பெருமையடிப்பீங்க. இந்த முழங்கால் பிரேக் போட்டு வந்ததுன்னு நினைச்சீங்களா?”

கூப்பே முகத்தில் ஈயாடவில்லை. எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவர் வாயிலிருந்து வந்தது இது:

“ரோட்டுல நிக்கிற அந்தக் காரோட பம்பாலயா அடிச்சே?”

பரிசோதகர் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர். நிலைமையைச் சரிசெய்யலாம் என்று நினைத்து இன்னும் கெடுத்தார். “சார், கவலைப்படாதீங்க. காத்துக்கு நாங்க மார்க் போடறதே கிடையாது. டயர் அதே டயரான்னுதான் பார்ப்போம். உங்களுக்குச் சர்டிஃபிகேட் உறுதி. ஒண்ணு மட்டும், இனிமே வண்டியை ரோட்டுல ஓட்டக் கூடாது. எங்கயாவது கொண்டுபோகணும்னா லாரியில ஏத்தித்தான் கொண்டுபோகணும். ஓட்டினா சர்டிஃபிகேட் செல்லாது. சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்து.”

பேனாவை நீட்டினார். கூப்பே மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாகக்கூட இல்லை. ஒரு மாணவன் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவானா மாட்டானா என்று, கால் பிரேக்கின் மேல் இருக்க, காத்திருக்கிற பார்வை.

கையெழுத்துப் போட்டார்.

பரிசோதகர் போன பிறகு, அவள் பிளாஸ்டிக் பையிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். ஷேவிங் சாமானை எடுத்த இடத்தில் வைத்தாள். மிச்சத்தோடு பையைத் தன் சின்னக் காரின் பின்சீட்டில் போட்டாள். ‘L’ பலகையை அவிழ்த்து வாசல் சுவரில் சாய்த்தாள்.

“எப்ப வருவே?” என்று கேட்டார்.

“தெரியலைங்க. நீங்க வர்றதா இருந்தா இந்த வண்டியிலயும் வரலாம். இதுலயும் ரெண்டு சீட்டு இருக்கு. கூட ரெண்டும் இருக்கு.”

“ஷெட்டை யாரு பார்த்துப்பா?” என்றார்.

அவள் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, கையைக் காட்டி, ஒழுங்காக வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பம்பர் தெருமுனை வரை கடகடத்தது.

சர்டிஃபிகேட் தபாலில் வந்தது. கூப்பே சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டினார். பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். டீ வரவில்லை என்பதால் சீக்கிரமே கிளம்பினார்கள். வண்டியின் சரித்திரத்தை அவர் இப்போதும் சொன்னார், ஆனால் அந்த அம்மாள் கடலைப் பார்த்த இடம் வந்ததும் இருமல் வந்துவிடும். லாண்டரிக்காரர் கீழ் செட்டும் வாங்கிவிட்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி தள்ளக் கூப்பிட்டால் அவருக்கு வேலை இருந்தது.

தனியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை அமுக்கிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரல் லேசாக உள்ளே போயிற்று.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலில் தான் படுத்திருந்த அந்தப் பழைய நாள் ஞாபகத்துக்கு வந்தது. அவள் இங்கே தனியாகப் பம்பை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், சத்தம் கேட்காமல். தான் ஏமாறவே கூடாது என்று மாதா மாதம் வந்து ஏமாற்றியிருக்கிறாள். தன்னை இந்த உலகத்தில் யாரும் இவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததில்லை என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. கண் கலங்கிற்று. நிஜமான கண்ணீர்தான், ஒரிஜினல்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பார்கள். கூப்பே தன் பல்செட் கடைக்கு ஓடினார். பல்லுக்கு ஈறு கட்டுகிற ரோஸ் நிற மெழுகில் ஒரு கட்டியை எடுத்து வந்தார். ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, ஸ்டெப்னியின் வால்வு வாயைச் சுற்றி ஊற்றி, விரலால் அழுத்தி, ஒரு வாயை அடைப்பதுபோல அடைத்தார். ஈறு கட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. ஊசி நுழையாது. டிக்கியைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார். எதற்கு மெழுகு என்று பார்க்க வந்த லாண்டரிக்காரர் டிக்கிப் பக்கம் கையை நீட்டியபோது, “தொடாதீங்க, அது அவ காத்து” என்று அதட்டினார்.

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார். எடுத்தாள். பின்னால் அலைச் சத்தம் இரைந்தது. கொஞ்ச நேரம் சாப்பாடு, முழங்கால், தங்கை என்று பேசினார்கள். முழங்கால் இப்போது தேவலாம் என்றாள். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார்.

“நீ அடிச்ச காத்தை நான் அப்படியே வச்சிருக்கேன். மெழுகு போட்டு அடைச்சிருக்கேன். யாரையும் தொட விடல. இனிமே அது போகாது. எனக்கு அந்தத் தொழிற்சாலைக் காத்தைவிட இதுதான் பெருசு, தெரியுமா?”

 

“இங்க காத்து நல்லாத்தாங்க அடிக்குது” என்றாள். “காத்தையா கேட்டேன்? உங்களைத்தானே கேட்டேன்.”

அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய டிக்கிச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். “சரி, சாப்பிட்டுப் படுங்க” என்று அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கூப்பே டிக்கியைத் திறந்தார். மெழுகு வைத்தது வைத்தபடி பளபளவென்று இருந்தது. டயரை அமுக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.